பூஜைப் பெட்டியில் கறுத்த வெள்ளிக்காசு

சின்ன காஞ்சிபுரத்தில் தேவராஜப் பெருமாளைச் சேவித்து வருவோர், பிராகாரத்தின் மேல்விதானத்தில் சூரிய சந்திரரோடு அமைந்திருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்காமல் திரும்புவதில்லை. கௌதம முனிவரின் சாபத்தால் பல்லி உருக்கொண்ட சீடர் இருவர் அத்திகிரி நாதனின் அருளால் விமோசனம் பெற்ற வரலாற்றை அங்கே பெரியோர் சிறுவர்களுக்குச் சொல்வதுண்டு. நாளெல்லாம் பக்தர்களின் கரம் படும் உலோகத்துக்குக் கறுக்க அவகாசம் இல்லை. கை படப் பட அது தேயும். தேயத் தேய மினுக்கும்.

அதே ஊரின் மாட வீதிகளில், தறிச் சத்தம் கேட்கும் இல்லங்களின் பூஜை அறையில், வெள்ளிக்குச் சம்பவிப்பது இதற்கு நேர்மாறானது. மஞ்சள் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைக்கப்பட்ட விக்டோரியா ராணி காசும் ஜார்ஜ் மன்னர் காசும் ஆண்டுக்கு ஒருமுறை வரலக்ஷ்மி விரதத்தன்றோ, தீபாவளியன்றோதான் வெளிச்சம் காண்கின்றன. அப்போது அவை வெண்மையாக இருப்பதில்லை. விளிம்பில் பொன்மஞ்சள், அதற்கு உள்ளே செம்பழுப்பு, ஊதா, சில காசுகளில் மயில் கழுத்தின் நீலம், இன்னும் சிலவற்றில் அடர்ந்த கறுப்பு. இதைக் கண்டதும் இல்லத்தரசிகளின் கை தன்னியல்பாக விபூதியையோ எலுமிச்சம்பழத்தையோ பல் பொடியையோ நாடுகிறது. தாயாருக்குச் சமர்ப்பிக்கும் பொருள் அழுக்காக இருக்கலாமா என்ற பக்திதான் இதற்குக் காரணம். பக்தியில் குறையில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத் துலக்கலில் போவது அழுக்கு அன்று. நூறு ஆண்டுகளாகக் காசு தன்மேல் போர்த்திக்கொண்ட போர்வையும், அதன் அடியிலிருந்த வெள்ளியின் மேல்தோலும் சேர்ந்தே போகின்றன. அவற்றைத் திரும்ப வரவழைக்க எந்தப் பொற்கொல்லராலும் இயலாது.

வெள்ளி இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. தூய காற்றில் வைத்தால் அது பல்லாண்டு அப்படியே இருக்கும். அதன் பகை கந்தகம். காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு கூடி, வெள்ளி சல்பைடு என்னும் மெல்லிய படலமாகக் காசின்மேல் படிகிறது. தலைமுடியின் கனத்தை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் கனம். மழைத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும்போது வானவில் தெரிகிறதல்லவா? அதே ஒளி விளையாட்டே இங்கும் நிகழ்கிறது. படலம் மெலிதாக இருக்கையில் வைக்கோல் நிறப் பொன்மஞ்சள். சற்றுத் தடித்தால் செம்பழுப்பு. பிறகு ஊதா, நீலம். மேலும் தடித்தால் கறுப்பு. ஆக நிறங்கள் படலத்தின் கனத்தைச் சொல்லும் அடையாளங்களே. காசின்மேல் பூசிய சாயம் அல்ல.

தீபாவளிக்குப் பின் வெள்ளிப் பாத்திரங்கள் திடீரெனக் கறுப்பதை எல்லா இல்லங்களும் அறியும். பட்டாசில் கந்தகம் உண்டு. ரப்பர் வளையத்தால் சுற்றிவைத்த காசில் கோடு விழுவதற்கும் ரப்பரில் உள்ள கந்தகமே காரணம். கம்பளித் துணியும் அப்படித்தான்.

காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்கு இந்தச் சேதியில் புதுமை ஏதுமில்லை. பட்டுப் புடவையின் ஜரிகை வேறு என்ன? சிவப்புப் பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றியதுதான் அசல் ஜரிகை. முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி வெளிப்பட்டால் ஜரிகை கறுக்கும். அதனால்தான், கல்யாணப் புடவையைப் பிளாஸ்டிக் பையில் அடைக்காதே, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்று, சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் காற்றாடவிட்டு மடிப்பை மாற்று, வாசனைத் திரவியத்தை ஜரிகைமேல் தெளிக்காதே என்று மூத்த நெசவாளர்கள் இன்றும் சொல்லியனுப்புகிறார்கள். கறுத்த ஜரிகையை விபூதி போட்டுத் தேய்க்கச் சொன்ன நெசவாளர் எவரும் இருக்க முடியாது. புடவைக்குக் காட்டும் இந்தப் பரிவு, அதே பீரோவில் பக்கத்துத் தட்டில் இருக்கும் காசுக்கு ஏனோ கிடைப்பதில்லை.

பெட்டிக்குள் இந்தக் காசுகள் வந்து சேர்ந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. காஞ்சியை அடுத்த ஆற்காட்டின் பெயரால் வழங்கிய ஆற்காடு ரூபாய்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை நாணயச் சாலையில் அச்சிட்டது. மொகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும், தாமரை மொட்டு அடையாளமும் தாங்கிய அந்தக் காசில், அரசர் மறைந்து நெடுங்காலம் ஆன பின்னும் அதே ஆண்டே பொறிக்கப்பட்டு வந்தது. 1835-இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை 180 கிரெயின். அதாவது ஒரு தோலா, இன்றைய கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. நாட்டு மருந்துக் குறிப்புகளில் ‘ஒரு ரூபாய் எடை’ என்று வருவது இந்த ரூபாயைத்தான். 1840 முதல் விக்டோரியா, 1903 முதல் ஏழாம் எட்வர்டு, 1911 முதல் ஐந்தாம் ஜார்ஜ் என்று முகங்கள் மாறினவே தவிர, எடையும் மாற்றும் மாறவில்லை. 1940-இல்தான் யுத்த நெருக்கடியில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய முழு வெள்ளி ரூபாய்களை அரசு அடுத்தடுத்துச் செல்லாதவையாக்கித் திரும்பப் பெற்றது. திருப்பித் தராமல் மஞ்சள் துணியில் முடிந்துவைத்த பாட்டிமார்களின் புண்ணியத்தில்தான் அவற்றில் சில இன்றும் பூஜைப் பெட்டியில் இருக்கின்றன.

1911-ஆம் ஆண்டு ரூபாயைப் பற்றி ஒரு சுவையான சம்பவம். ஜார்ஜ் மன்னரின் அங்கியில் யானைச் சின்னம் ஒன்று உண்டு. அச்சில் அதன் துதிக்கை குட்டையாக அமைந்துவிட, பார்த்தவர்கள் அது பன்றி என்றார்கள். மனம் புண்பட்ட மக்களின் முறையீடு பெருகவே, அந்த ஆண்டுக் காசில் பெரும்பகுதி உருக்கப்பட்டு, 1912 முதல் யானை திருத்தி வார்க்கப்பட்டது. பொற்காசுக்கே வராகன் என்று திருமாலின் அவதாரப் பெயரை இட்டு வழங்கிய தமிழ்நாட்டில் இந்தக் கலக்கத்தைக் கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! பூஜைப் பெட்டியில் 1911 என்று பொறித்த ஜார்ஜ் ரூபாய் இருந்தால், அதைப் பழைய வெள்ளி விலைக்குப் போட்டுக் கொலுசு வாங்குமுன் சற்று நிதானிக்க வேண்டும். 1939-ஆம் ஆண்டு ரூபாய் அதைவிடவும் அரியது.

காசு பார்க்கும் கண்

நாணயத்தைத் தரம் பிரிப்பது மேல்நாட்டார் கற்றுத்தந்த வித்தை என்று எண்ண வேண்டியதில்லை. காசின் மாற்றையும் தரத்தையும் சோதிப்போருக்குப் பழந்தமிழில் வண்ணக்கர் என்று பெயர். சங்கப் புலவர்களுள் வடம வண்ணக்கன் பேரி சாத்தனார் என்றொருவர் இருந்தார். தொழிலே பெயரோடு ஒட்டிக்கொண்டது. கடைவீதியில் காசைச் சுண்டி அதன் ஒலியைக் கேட்டு வாங்கும் வழக்கம் நேற்றுவரை இருந்தது. நேர்மைக்கே நாணயம் என்று பெயரிட்ட மொழி இது.

இன்று உலகெங்கும் வழங்கும் தர எண் 1 முதல் 70 வரை செல்கிறது. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காக 1949-இல் வகுத்த கணக்கு அது. பிற்காலத்தில் 1986-இலும் 1987-இலும் அங்கே தொடங்கப்பட்ட பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்னும் நிறுவனங்கள் அதை எல்லாக் காசுகளுக்கும் விரித்தன. 60-க்கு மேற்பட்ட எண் என்றால் கைமாறிப் புழங்காத காசு. அதற்குக் கீழே எண் இறங்க இறங்கத் தேய்மானம் மிகுதி. தேய்மானத்தை எங்கே பார்ப்பது? மேடாக இருக்கும் இடங்களில்தான் முதலில் தேயும். விக்டோரியா ரூபாயில் காதின்மேல் உள்ள கூந்தல் இழைகள், கிரீடத்து மணிகள், மார்பு ஆடையின் பூவேலை. எட்வர்டு மன்னர் கிரீடமின்றி இருப்பதால் காதின்மேல் முடியும் தாடியும். ஜார்ஜ் காசில் கிரீடமும் அந்த யானையும். ஒரு பூதக்கண்ணாடி போதும். இழை இழையாகத் தெரிந்தால் உயர்ந்த தரம். வழுவழுத்துப் போயிருந்தால் பல கை மாறிய காசு.

நிறமேறிய காசைத் தரம் பார்க்கையில் இன்னொன்றும் கவனிக்கப்படும். புதிதாக அச்சிட்ட காசைச் சாய்த்துத் திருப்பினால், ஒளி சக்கரம்போல் அதன் முகத்தில் சுழலும். அச்சின் அழுத்தத்தில் உலோகம் ஓடிப் பதிந்த நுண்ணிய வரிகளால் வரும் ஒளி அது. பொன்மஞ்சளும் நீலமும் ஏறிய பிறகும் அந்தச் சுழலொளி அடியிலிருந்து தெரிந்தால், காசு ஒருபோதும் துலக்கப்படவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அத்தகைய காசைச் சேகரிப்போர் வெண்மையான காசைவிடவும் விரும்பி வாங்குவதுண்டு. கறுப்பே மேலோங்கி ஒளி அடங்கிவிட்டதென்றால் மதிப்பு சற்றுக் குறையும். ஆனாலும் தேய்த்து வெளுத்ததைவிட அது மேல். தேய்த்த காசின் முகத்தில் ஒரே திசையில் ஓடும் கீறல்கள் பூதக்கண்ணாடியில் பட்டென்று தெரியும். தர நிறுவனங்கள் அதற்கு எண்ணே தருவதில்லை. துலக்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்துவிடும்.

அலுமினியத் தகடும் சமையல் சோடாவும் கலந்த சுடுநீரில் வெள்ளியைப் போட்டால் தேய்க்காமலே வெளுக்கும் என்ற யோசனை பரவலாகச் சொல்லப்படுகிறது. வெளுக்கும் என்பது உண்மை. பஞ்சபாத்திரம், உத்தரணி, தீபக்கால் ஆகியவற்றுக்கு அது நல்ல முறையே. காசுக்கு ஆகாது. சல்பைடு மறுபடி வெள்ளியாக மாறும்போது பழைய வழுவழுப்போடு திரும்புவதில்லை. மங்கலான, பொருபொருத்த பரப்பாகவே படிகிறது. சுழலொளி போய்விடும். கடையில் விற்கும் வெள்ளி துலக்கும் திரவமும் இவ்வாறே. முக்கி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு படலம் வெள்ளி கரைகிறது.

அப்படியானால் பூஜைக்கு என்ன செய்வது? பாத்திரமும் காசும் ஒன்றல்ல என்று பிரித்துக்கொண்டால் சங்கடம் தீர்ந்தது. நிவேதனத்துக்கும் அபிஷேகத்துக்கும் உரிய பாத்திரங்கள் துலக்கப்படவே வேண்டும். கலசத்தினுள் இடுவதற்கும், பால் மஞ்சள் நீரால் திருமஞ்சனம் செய்வதற்கும் புதிய வெள்ளிக் காசு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பாலிலும் கந்தகம் உண்டு. கிணற்று நீரில் உப்பு உண்டு. இரண்டும் பழைய காசுக்கு ஆகா. முன்னோர் காசை ஒரு சிறிய தட்டில் பட்டுத்துண்டு விரித்து அம்பாளின் திருமுன் வைத்து, குங்குமத்தையும் அட்சதையையும் தட்டின் ஓரத்தில் இட்டால் போதும். பூஜை முடிந்ததும் உலர்ந்த நிலையிலேயே அதை எடுத்துவைக்கலாம். தவறி ஈரம் பட்டுவிட்டால் காய்ச்சி வடித்த நீரில் அலசி, மெத்தென்ற பருத்தித் துணியில் ஒற்றியெடுக்க வேண்டும், துடைத்துத் தேய்க்கலாகாது.

தூப்புல் வேதாந்த தேசிகரைப் பற்றி இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1268-இல் காஞ்சியில் அவதரித்த அந்த மகான், திருமணத்துக்குப் பொருள் வேண்டி வந்த பிரம்மசாரிக்காகப் பெருந்தேவித் தாயாரை ஸ்ரீஸ்துதியால் போற்ற, சந்நிதியிலே பொற்காசு மழை பொழிந்ததாகக் குருபரம்பரை கூறும். அதே தேசிகர், தமது உஞ்சவிருத்தி அரிசியில் யாரோ மறைத்திட்ட பொற்காசுகளைக் கண்டபோது, புழுக்கள் என்று தர்ப்பை நுனியால் ஒதுக்கித் தள்ளினார் என்பதும் அவர் சரிதமே. பிறருக்காக வேண்டிய காசு தாயாரின் பிரசாதம். தமக்கென வந்த காசு புழு. பூஜைப் பெட்டிக் காசைக் காப்பது விலையைக் கருதி மட்டுமானால் அந்த ஊரின் ஆசாரியருக்கு அது உவப்பாய் இராது. ஆனால் பாட்டியின் கை அதை அம்பாளின் திருமுன் வைத்தது, அவருக்கு அவர் மாமியார் தந்தது என்பதற்காகக் காத்தால் அதைக் குறை சொல்வார் இலர்.

ஏமாற்றும் நிறம்

இயற்கையில் ஏறிய நிறத்துக்கு மதிப்பு உண்டு என்றதும் செயற்கை நிறம் ஏற்றுவோரும் தோன்றிவிட்டார்கள். கந்தகப் புகை காட்டியும் சூடேற்றியும் ஒரே நாளில் வானவில் வரவழைத்து விடுகிறார்கள். கண்டுபிடிக்க வழியுண்டு. இயற்கை நிறம் பெரும்பாலும் விளிம்பிலிருந்து நடுவுக்கு, மேலே சொன்ன வரிசையில், ஒன்றிலிருந்து ஒன்று கரைந்து செல்லும். எழுத்துகளின் அடியில் ஒதுங்கும். துணி மடிப்பின் தடம் சில நேரம் தெரியும். செயற்கை நிறம் திட்டுத்திட்டாகவும் பளீரென்றும் இருக்கும், வரிசை பிசகும், நன்கு தேய்ந்த காசில்கூட மலர்ந்து நிற்கும், முகர்ந்தால் கந்தக நெடி அடிப்பதும் உண்டு.

இதைவிடக் கொடியது பக்தியையே முதலாக்கும் வஞ்சகம். ராமர் பட்டாபிஷேகம், அனுமன், லக்ஷ்மி உருவங்களும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 போன்ற ஆண்டும் பொறித்த ‘அரை அணா’ காசுகள், அதிர்ஷ்டம் தருபவை என்று பெரும் தொகைக்கு விற்கப்படுகின்றன. கம்பெனி அப்படிப்பட்ட காசு எதையும் வெளியிட்டதே இல்லை. கோயில் வாசலில் நினைவுப் பொருளாகச் சில ரூபாய்க்கு வாங்கினால் குற்றமில்லை. ஓய்வூதியத்தை அதில் கொட்டுவதுதான் பரிதாபம். பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணமும் வரியும் செலுத்துங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் அழைப்போரும் உண்டு. தாம் அப்படிப்பட்ட வியாபாரம் எதிலும் ஈடுபடவில்லை, எவருக்கும் அதற்கு அதிகாரம் அளிக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரித்தது. தனியே இருக்கும் முதியோர் இதை மனத்தில் கொள்வது நல்லது.

வெள்ளி ரூபாயே போலியா என்று ஐயம் வந்தால் மூன்று சோதனைகள் வீட்டிலேயே செய்யலாம். நகைக்கடைத் தராசில் 11.66 கிராமுக்கு மிக அருகே நிற்க வேண்டும். தேய்ந்த காசு சற்றுக் குறையலாம், கூடலாகாது. காந்தம் இழுக்கலாகாது. பக்கவாட்டு விளிம்பில், இரு பாதியாக வார்த்து ஒட்டிய கோடு தெரியலாகாது. சுண்டிப் பார்க்கும் பழைய சோதனையைத் தரையில் போட்டுச் செய்ய வேண்டாம், விளிம்பு நசுங்கும்.

அயல்நாட்டுத் தர நிறுவனத்துக்கு அனுப்பி எண் வாங்கலாமே, பிள்ளைதான் அமெரிக்காவில் இருக்கிறானே என்று சிலர் எண்ணக்கூடும். நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாகும். அரசின் அனுமதியின்றி அதை நாட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்வது குற்றம். பேத்திக்கு ஆசையாகக் கொடுத்தனுப்பிய விக்டோரியா காசு விமான நிலையத்தில் வம்பாகலாம். பழைய வீட்டை இடிக்கையில் மண்ணுள் கிடைத்த காசுக் குடமானால் அது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் அடங்கும். மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பில் பல அவ்வாறு வந்து சேர்ந்தவையே. 1930 முதலே உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் இரசாயனக் கூடமும் அங்கே உண்டு.

இனிப் பெட்டியில் வைக்கும் முறை. காசை எப்போதும் விளிம்பில் இரு விரலால் பிடித்து, கீழே மெத்தையோ துணியோ இருக்கும்படி எடுக்க வேண்டும். முகத்தில் விரல் பட்டால் வியர்வையின் உப்பு சில மாதத்தில் ரேகையாகப் பதிந்து நிலைத்துவிடும். வழவழப்பான, பிளாஸ்டிக் நெடி வீசும் மெல்லிய உறைகள் வேண்டாம். அவை நாளடைவில் கசிந்து, காசின்மேல் பசுமையான பிசுக்கை விடும். நாணயக் கடைகளில் கிடைக்கும் பாலியெஸ்டர் உறையோ, கெட்டியான வட்டப் பெட்டியோ உகந்தது. அது கிடைக்காவிட்டால், கஞ்சி போடாத, நன்கு அலசி உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியில் ஒவ்வொரு காசையும் தனித்தனியே சுற்றலாம். காசோடு காசு உரசினால் கீறல் விழும். அந்துருண்டை, ரப்பர் வளையம், செய்தித்தாள் இவை அதே பெட்டியில் இருக்கலாகாது. மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றலாம். வங்கிப் பெட்டகத்திலும் ஈரம் உண்டு. பாதி வெள்ளியான 1940-க்குப் பிந்தைய ரூபாய்களைத் தனியே வைப்பது நலம். செம்பு மிகுந்ததால் அவற்றில் பச்சை படரக்கூடும்.

உறையோடு ஒரு சீட்டும் இருக்கட்டும். யாருடைய காசு, எந்தக் கல்யாணத்தில் வந்தது, எந்த விரதத்துக்கு வைப்பது என்று வீட்டில் மூத்தவர் தம் கையால் எழுதுவது. மை பரவும், பென்சிலே சிறந்தது. சீட்டு காசைத் தொடாமல் உறைக்கு வெளியே இருக்க வேண்டும்.